மணிக்கு முன்னால் ஒன்பது பேர்

முனைவர் வடிவு, தமிழ்த்துறை இணைப்பேராசிரியர், பத்தொன்பது வருஷ சர்வீஸ், ஒரு வருகைப் பதிவேட்டை வாசித்த குற்றத்துக்காக இருபத்துமூன்று நாளாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார். அவர் அறைக்குப் பூட்டு, பூட்டின் மேல் அரக்கு, வளாகத்துக்குள் கால் வைப்பதென்றால் பதிவாளரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும், நூலகத்தில் எடுத்த நான்கு புத்தகங்களைக்கூட வாசல் காவலாளி கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஜெபசீலி முடிவு செய்திருந்தாள். உள்ளே போனதும், உட்காருங்கள் என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே, நின்றபடியே, அநியாயம் யாருக்கு நடந்தது, எப்படி நடந்தது என்பதை அவர்கள் காதில் போட்டுவிட வேண்டும். அப்புறம்தான் அவர்கள் கேள்வி, அப்புறம்தான் இவள் பதில். நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கூட்ட அறைக்கு வெளியே கிடந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதை ஆறாவது முறையோ ஏழாவது முறையோ மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பதிவேட்டை வாசித்த குற்றத்துக்காக' என்ற இடம் வரும்போதெல்லாம் நாக்கில் இஞ்சி பட்டதுபோல ஒரு திருப்தி. அதைத் தாண்டி 'அந்தப் பதிவேட்டில்' என்று அடுத்த வாக்கியம் தொடங்கும்போதெல்லாம் துப்பட்டா முள்ளில் மாட்டிக்கொண்டதுபோல ஓர் இழுப்பு. அங்கேயே நின்றுபோகும். மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் டிக் என்றது. எதிர் சன்னலுக்கு வெளியே, வெயில் காய்ந்துகொண்டிருந்த சிமெண்டுச் சாய்ப்பின் மேல், இந்த வளாகத்து மயில்களில் ஒன்று, தோகை உதிர்ந்துபோனது, யாரையும் சட்டை பண்ணாமல் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பீர்முகம்மது, அவளைப்போலவே வடிவு மேடத்திடம் ஆய்வு செய்கிறவன், விசாரணைக் குழு அனுப்பிய அழைப்புக் கடிதத்தை நாலாக மடித்து விசிறிக்கொண்டிருந்தான். அவளுக்கு அடுத்து அவன். உள்ளே முதலாண்டு மாணவி ஒருத்தி போய் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. 'மைனர் பொண்ணு மாதிரி இருக்கா, அவகிட்ட என்னத்த இவ்வளவு நேரம் கேக்காங்க' என்றான் பீர். மயில் திரும்பி வந்தது.

விஷயம் இதுதான்: பதிவேட்டில் கூடுதலாக ஒரு பெயர்த் தாளை ஒட்டியது ஜெபசீலி. பீருக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும், மேடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை, இவளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நெறியாளரின் பதிவேட்டுக்குக் கோடு போடுவது, தேதி எழுதுவது, மாசக் கடைசியில் சதவீதம் கூட்டுவது எல்லாம் ஆய்வு மாணவர்கள் தலையில்தான் விழும், எந்தத் துறைக்குப் போனாலும் அப்படித்தான். அதில் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, ஏனென்றால் கோடு போடுகிற அந்த நேரத்தில்தான் மேடத்தோடு வாதாட முடியும். அந்த வாரம் கையறுநிலை. இறந்தவனை நினைத்து, செய்வதறியாமல் நிற்பவர்கள் பாடுகிற துறை. ஜெபசீலியின் ஆய்வே அதுதான். பெயர் இல்லாமல் கையறுநிலை இல்லை என்றார் மேடம், கொய்யாப்பழத்தை மிளகாய்ப்பொடியில் தொட்டபடி. யாருக்காக அழுகிறோம் என்று பேர் சொல்லத் தெரியாதவனுக்கு அழுகை வரலாம், பாட்டு வராது. ஜெபசீலி விடவில்லை. ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேருக்காக ஒருத்தி அழக்கூடாதா, அப்படியானால் போன மாசம் நீங்கள் ஏழு பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டு, காசாவில் குண்டு போடுகிற நாட்டு நிறுவனத்தோடு பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போடக்கூடாது என்று அறிக்கை விட்டீர்களே, அதில் ஒரு பெயராவது இருந்ததா, வெறும் எண்ணிக்கைதானே இருந்தது? மேடம் கொய்யாவைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையின் மகிழ்ச்சி அவளை அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை, ஜெயித்த மகிழ்ச்சி. மறுநாள் அந்த மகிழ்ச்சியோடுதான் இணையத்தில் தேடி, காசாவில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்து குண்டுவீச்சில் செத்துப்போனவர்கள் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்த இருபத்தேழு பேரை எடுத்தாள். நம் முதலாண்டில் முப்பத்தொரு பேர். முப்பத்திரண்டு ஹிபா, முப்பத்துமூன்று யூசுப், முப்பத்துநான்கு ரீம் என்று எண் போட்டு, பதிவேட்டில் இருக்கிற அதே எழுத்துருவில், அதே அளவில் துறை அச்சுப்பொறியில் எடுத்து, ஓரத்தில் பசை தடவி, முப்பத்தொன்றாம் பெயருக்கு அடுத்த பக்கத்தில் ஒட்டினாள். வேறொன்றுமில்லை, வாதத்துக்கு ஒரு பதில்: பெயர் வேண்டும் என்றீர்களே, இந்தாருங்கள் பெயர். மேடம் தன் அறையில் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார், சிரிப்பார் அல்லது சிரிக்கமாட்டார், 'சரிட்டி, நீ சொன்னதுக்கு நானே சாட்சி' என்பார். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

ஆனால் மேடம் அறையில் பதிவேட்டைத் திறப்பதே இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா, தெரியும், கோடு போடுகிறவளுக்குத் தெரியாமல் என்ன. டவுன் பஸ் எட்டே முக்காலுக்கு வரவேண்டியது ஒன்பதரைக்குத்தான் வரும், அதில் வருகிற பிள்ளைகளுக்கு ஆப்சென்ட் விழக்கூடாது என்பதற்காக மேடம் வகுப்பு தொடங்கும்போது வருகை எடுக்கமாட்டார், முடிகிற கடைசி அஞ்சு நிமிஷத்தில்தான் எடுப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தலை நிமிராமல், ஒரே தாளத்தில். அன்றைக்கும் அப்படித்தான். முப்பத்தொன்று, வினிஷா. உள்ளேன் அம்மா. பக்கம் திரும்பியது. முப்பத்திரண்டு, ஹிபா. மேடம் வகுப்பில் வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜெபசீலி பேனாவை மூடினாள். யாரும் உள்ளேன் சொல்லவில்லை. மேடம் பழக்கப்படி ஒரு நொடி காத்தார், சிவப்புப் பேனாவால் ஆப்சென்ட் போட்டார். முப்பத்துமூன்று, யூசுப். மறுபடி ஒரு நொடி. இந்தத் தடவை பேனா தாளைத் தொடவில்லை. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. மேடம் தாளைப் பார்த்தார், முழுசாக, மேலிருந்து கீழ்வரை, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல. தலை நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்ப்பாரோ என்று ஜெபசீலி காத்திருந்தாள். பார்க்கவில்லை. முப்பத்துநான்கு, ரீம். அதே குரல், அதே தாளம், ஒவ்வொரு பெயருக்கும் பிறகு அதே ஒரு நொடி. வகுப்பில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது, பிறகு யாரோ செல்போனை உயர்த்தினார்கள். லமா. இப்ராகிம். மரியம். நாற்பதாம் பெயர் முடிந்து அந்த ஒரு நொடி ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள், எழுந்தவர்கள் போகவில்லை, நின்றார்கள். மேடம் நாற்பத்தொன்று என்றார்.

டிக். டிக். மின்விசிறி. மணிக்கு முன்னால் ஒன்பது, மணிக்குப் பின்னால் பதினெட்டு. இது அவளுக்கு மட்டுமே இவ்வளவு துல்லியமாகத் தெரியும்; எண் போட்டவள் அவள்தானே, வீடியோவோ மணிக்குப் பிறகுதான் தெளிவாகத் தொடங்குகிறது. ஆசிரியர் சங்கத்துச் செயலாளர் நேற்று சாயங்காலம் சாட்சிகள் எல்லோரையும் கூப்பிட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: மணி அடித்துவிட்டது, வகுப்பு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு ஓர் ஆசிரியர் வாசித்தது அவருடைய தனிப்பட்ட பேச்சுரிமை, போக விரும்பியவர்கள் போயிருக்கலாம். இதைச் சொன்னால் வகுப்பு நேரத்தில் வாசித்தார் என்ற முதல் குற்றச்சாட்டு விழுந்துவிடும். அப்புறம் மிச்சம், பல்கலைக்கழக ஆவணத்தில் அனுமதியின்றித் தாள் சேர்த்தது. அதற்கு வக்கீல் பார்த்துக்கொள்வார். வகுப்பறை அரசியல் மேடையல்ல என்று அறுபத்திரண்டு ஆசிரியர்கள் எதிர் அறிக்கை விட்டிருக்கிறார்களே, அவர்கள் முகத்தில் கரி. ஜெபசீலியும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். தலையாட்டும்போதே அஜின் ஞாபகம் வந்தது. அஜினை நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தாள், ஆனால் நினைக்கக்கூடாது என்று வைத்திருக்கிற இடத்துக்குத்தான் கால் போகிறது, மயில் அதே சாய்ப்புக்குத் திரும்பித் திரும்பி வருகிற மாதிரி. அஜின், முதலாண்டு, வரிசை எண் இரண்டு, மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். புகார் கொடுத்தவன். மணி அடிப்பதற்கு முன்பே வாசித்தார்கள் என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தான், அதை வைத்துக்கொண்டு வெளியே இருந்த கூட்டம் கொடி பிடித்தது வேறு கதை. புகார் கொடுத்த மூன்றாம் நாள் அவனை கேன்டீனில் மடக்கினாள். அவனுடைய அம்மா குண்டு போடுகிற அந்த நாட்டில்தான், கடற்கரை ஊர் ஒன்றில், எழுந்து நடக்க முடியாத ஒரு கிழவிக்குத் துணையாக வேலை பார்க்கிறாள். சைரன் ஊதினால் ஒன்றரை நிமிஷத்துக்குள் அந்தக் கிழவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டும். மேடம் பெயர் வாசித்த அன்று காலையிலும் அம்மா போனை எடுக்கவில்லை என்று அஜின் சொன்னான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஜெபசீலி கேட்டாள். சம்பந்தம் இருக்கிறதென்று அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வெட்டினாள். செத்தவர்களுக்காக நிற்பது உயிரோடிருப்பவர்களுக்கு எதிராக நிற்பதில்லை என்றாள், பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நன்றாகத்தான் சொன்னாள். அவன் புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான். விட்டிருக்கலாம். விடவில்லை. 'உனக்கு அவ்வளவு மனசுல இருந்தா, உங்க அம்மா பேரையும் அந்த வரிசையில சேக்கச் சொல்லிருக்கலாமே, யாரு தடுத்தா?' அஜின் அப்போதுதான் நிமிர்ந்தான். 'எங்க அம்மைக்க பேரு அந்த லிஸ்ட்டுல வரண்டாம், அக்கா.' பிறகு, தட்டை எடுத்துக்கொண்டு எழும்போது, மெதுவாக, 'மணியடிக்காம எனக்கு எழும்பிப் போவவும் ஒக்கேல' என்றான். எழுந்து போக முடியவில்லையாம். அவ்வளவுதான். புரோட்டா பிய்த்தபடியே கிடந்தது. அன்றையிலிருந்து இன்றுவரை, இருபது நாள், குளிக்கும்போது, பஸ்ஸில், துணி காயப்போடும்போது, எத்தனையோ விதமாக வளைத்துப் பார்த்துவிட்டாள், அந்த இரண்டு வாக்கியத்துக்கு அவளிடம் பதில் கிடையாது.

கண் சொக்கியது. வெயில் சன்னல் வழியாக அவள் முழங்கால்வரை வந்துவிட்டிருந்தது, சூடு சுகமாக இருந்தது, பயத்துக்குள் எப்படிச் சுகம் வரும் என்று தெரியவில்லை, ஆனாலும் வந்தது. காலையில் அப்பா போன் செய்தார். அப்பா பெயர் இஸ்ரவேல். தெற்கே இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் தெருவுக்கு ஒரு இஸ்ரவேல் இருப்பார், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபிக்காமல் ஒருநாளும் சாப்பிட உட்காராதவர். பிரச்சினை தொடங்கிய அன்று பீர் கேட்டான், 'ஏ ஜெபா, உன் இன்ஷியலுக்கு விரிவு கேட்டா என்ன சொல்லுவ?' அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்பா ஆறு வருஷத்துக்கு முன்னால் பாஸ்டரோடு புனிதப் பயணம் போய் வந்தவர். பெத்லகேமில் ஒலிவ மரத்தில் ஒட்டகம் செதுக்கி விற்கிற கடைக்காரர், ஹன்னா என்று பேர், அப்பா கடை வாசலில் உட்கார்ந்து அவர் கையையே படம் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்துத் தேநீர் கொடுத்தாராம், காசு வாங்கவில்லையாம். அந்த ஒட்டகம் இப்போதும் டிவி மேல் நிற்கிறது. நல்ல விசுவாசி, நம்மளைப்போல என்பார் அப்பா. அவர் பாலஸ்தீனர் அப்பா என்று இவள் சொன்ன நாளில் வீட்டில் பெரிய வாக்குவாதம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, அவர் கிறிஸ்தவர்ட்டி என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஆனால் இன்று காலை, விசாரணைக்குப் போகிறாயா, சாப்பிட்டாயா, கேட்டதுக்குப் பதில் சொல்லு, கேக்காததுக்குச் சொல்லாத, நீ வாயத் திறந்தா மூடமாட்டே என்று எல்லாம் முடிந்தபிறகும் போனை வைக்கவில்லை. எம்மா, அந்தக் கடை இப்பவும் இருக்குமா என்றார். தெரியாது அப்பா என்றாள். தெரியாது என்று அவள் அப்பாவிடம் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

'தூங்கிட்டியா?' பீர் தோளை இடிக்காமல் பெஞ்சைத் தட்டினான். 'ஒண்ணு சொல்லணும். சொல்லவேண்டாம்னுதான் பாத்தேன்.' கீழே செக்‌ஷனில் வேலை பார்க்கிற அவன் சொந்தக்காரர் சொன்னது, நேற்று மேடம் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். தாளை அச்செடுத்ததும் தானே, ஒட்டியதும் தானே, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று, தன் கையெழுத்தில், மூன்று பிரதி. 'இனி உனக்கு ஒண்ணுமில்ல. மேடமே முடிச்சுட்டாங்க. உள்ள போயி மணி அடிச்சுட்டுன்னு சொல்லிட்டு வா, தீசிஸ் சினாப்சிஸைக் கொடு, ரெண்டு மாசத்துல உன் வேலை முடிஞ்சுது.' மின்விசிறி டிக் என்றது. இவ்வளவு நேரம் அவள் கட்டிவைத்திருந்த பேச்சு, கருத்துரிமை, பாடத்திட்டத்தில் கையறுநிலை இருக்கிறதா இல்லையா, ஆசிரியர் என்றால் வகுப்புக்கு வெளியே குடிமகள் வகுப்புக்கு உள்ளே பொம்மையா, எல்லாம் ஈரம் பட்ட அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வேலையே போகும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆவணத்தில் கை வைத்தது. ஒட்டியது மாணவி என்றால் மேடத்துக்கு அது இல்லை. மாணவிக்கு உண்டு, ஆய்வுப் பதிவு ரத்து, அஞ்சு வருஷ உழைப்பு போச்சு. 'தெரியாம வாசிச்சுட்டாங்கன்னு சொல்லலாமா?' என்றாள், தனக்கே கேட்காத குரலில். சொல்லலாம். முதல் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஆப்சென்ட் இருக்கிறது, அந்தத் தாளில் அது ஒன்றுதான் இருக்கிறது, குழுவில் யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். தவறுதலாக வாசித்தார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி. ஆனால் இரண்டாவது பெயருக்குப் பிறகு கண்ணாடி இறங்கியதே. அதற்குப் பிறகு வாசித்த இருபத்தைந்து பேரையும் மேடம் தெரிந்து, தானாக, அந்தக் குரலில் வாசித்தார். அதைப் போய்த் தவறு என்று சொன்னால் மேடத்துக்கு வேலை மிஞ்சும், மேடம் மிஞ்சமாட்டார். பீர் கடிதத்தை விசிறுவதை நிறுத்தியிருந்தான். 'நான் ஒரு கேள்வி கேக்கேன், கோவிக்காத. அதை நீ ஒட்டினே. நான் ஒட்டியிருந்தா இந்த பெஞ்சுல உக்காந்து இருப்பேனா? யோசிச்சுப் பாரு. அந்த லிஸ்ட்டுல பாதிப்பேரு எங்க வீட்டுல உள்ள பேரு. லமாங்கிறது எங்க அக்கா மக பேரு. ஒட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணக்கூடாதுன்னு தோணிருக்கு.' அவன் சிரித்தான். வேடிக்கைக்காகச் சிரிக்கிறவன் சிரிப்பு அல்ல அது. அவளுக்கு அவனை மூன்று வருஷமாகத் தெரியும், எல்லாப் பேச்சிலும் அவனைத் தோற்கடித்திருக்கிறாள், இப்போதுதான் அவன் விட்டுக்கொடுத்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கதவு இன்னும் திறக்கவில்லை. வெயில் மடிக்கு ஏறியது. அவள் கண்ணை மூடவில்லை, மூடினால் நல்லது என்று பட்டது, ஆனால் திறந்த கண்ணுக்கே அந்தத் தாழ்வாரம் நீளத் தொடங்கியது, சுவரில் ஒட்டிய பழைய தேர்வு அட்டவணைகள் நீரில் தெரிவதுபோல அசைந்தன, படிக்கட்டு வழியாக யாரோ ஏறி வந்தார்கள், பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, டவுன் பஸ் தாமதம் என்பதுபோல ஒரு அவசரத்தோடு. ஒவ்வொருவராக வந்து சுவரோடு சாய்ந்து நின்றார்கள். எத்தனை பேர் என்று எண்ணத் தேவையில்லை. எவர் முகமும் அவளுக்குத் தெரியாது. பெயரை எடுத்தாளே தவிர அந்தப் பக்கத்தில் படங்களும் இருந்தனவா என்றுகூட அவள் பார்க்கவில்லை, எழுத்துரு பொருந்துகிறதா என்றுதான் பார்த்தாள். அவர்கள் கூப்பிடக் காத்திருக்கிற பிள்ளைகள் போல நகத்தைப் பார்த்தார்கள், சன்னல் வழியே மயிலைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே அஜினும் நின்றான், அவன் மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனை எடுக்கட்டும் எடுக்கட்டும் என்று. எழும்பிப் போவவும் ஒக்கேல. ஒன்பது பெயர். ஒரு பெயருக்கு மூன்று நொடி வைத்தால் அரை நிமிஷம்கூட இல்லை. அரை நிமிஷம் ஒரு விஷயமா என்று எந்த மேடையிலும் வாதாடி ஜெயித்துவிடுவாள். அந்த அரை நிமிஷத்தில் அவனுடைய அம்மா எத்தனை படி இறங்கியிருப்பாள், இடுப்பில் கிழவியோடு. மணி அடித்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் மேடத்துக்கு நல்லது. சொன்னால் அஜின் பொய்யன். மேடம் இவளுக்காக ஒரு பொய் சொல்லியாயிற்று, இவள் மேடத்துக்காக ஒரு பொய், இரண்டு பொய்க்கும் நடுவில் அந்த இருபத்தேழு பேரும் அப்படியே நிற்பார்கள், பசை தடவி ஒட்டியதுபோல. 

கதவு திறந்தது. முதலாண்டு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். அட்டெண்டர் தலையை மட்டும் நீட்டி, 'இஸ்ரவேல் மக ஜெபசீலி யாரும்மா' என்றார். தாழ்வாரத்தில் பீரைத் தவிர யாரும் இல்லை. உள்ளே குளிர்சாதனம், நீள மேசை, மூன்று பேர், நடுவில் வேறு துறைத் தலைவர் ஒருவர், வெள்ளைச் சட்டை, களைத்த நல்ல முகம். பக்கத்தில் தட்டச்சுக்காரர். மேசையின் நடுவில் அந்தப் பதிவேடு, பச்சை அட்டை, அவள் போட்ட அட்டை. நின்றபடியே சொல்ல வைத்திருந்த முதல் வாக்கியம் வாசலிலேயே நின்றுவிட்டது. உட்காரும்மா என்றார்கள், உட்கார்ந்தாள். தண்ணீர் நகர்த்தி வைத்தார்கள். தலைவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். தாள் விஷயத்தில் உங்கள் நெறியாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார், அதனால் அதைப் பற்றி உங்களிடம் கேட்க எங்களுக்கு ஒன்றுமில்லை, உங்கள் படிப்புக்கும் எந்த இடைஞ்சலும் வராது, நீங்கள் பயப்படவேண்டாம் என்றார். ஒரே ஒரு கேள்விதான். 'அந்தப் பேருங்களை அவங்க வாசிச்சது மணி அடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?' தட்டச்சுக்காரரின் விரல்கள் விசைகளின் மேல் வந்து நின்றன. கேட்டதுக்குப் பதில் சொல்லு, கேக்காததுக்குச் சொல்லாத. ஜெபசீலி பதிவேட்டைப் பார்த்தாள்.

'முன்னாடி ஒன்பது பேரு, பின்னாடி பதினெட்டு பேரு' என்றாள். 'அஜின் எழுதினது சரி. தாளை ஒட்டினது மேடம் இல்ல, நான். ரெண்டையும் எழுதிக்கிடுங்க.'